ஜிபூட்டி வழியாக எத்தியோப்பியாவுக்கு

எத்தியோப்பியாவுக்குக் கடல் கிடையாது. 12 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. உலகத்தில் கடற்கரையே இல்லாத நாடுகளில் மக்கள்தொகையில் அதுதான் பெரியது. அந்த நாட்டுக்குப் போகும் மருந்து, இரும்பு, உரம், பெட்ரோல், சமையல் எண்ணெய், நோட்டுப் புத்தகக் காகிதம் என்று ஏறக்குறைய எல்லாமே, சுமார் பத்து லட்சம் பேர் மட்டும் வாழும் ஒரு குட்டி நாட்டின் துறைமுகத்தில் இறங்கித்தான் மலையேறிப் போகின்றன. அந்தக் குட்டி நாடு ஜிபூட்டி.

நான் நவி மும்பையில், பேலாப்பூரில் ஒரு சிறிய சரக்கு அனுப்பும் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். மும்பைக்குப் பக்கத்து நவ சேவா துறைமுகத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் ‘பில் ஆஃப் லேடிங்’ பத்திரம்) எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்து அனுப்புவது என் வேலை. மொம்பாசா, தார் எஸ் சலாம், பெய்ரா என்று பல ஊர்ப் பெயர்கள் தினமும் என் மேஜைக்கு வரும். ஜிபூட்டி ஃபைல் வந்தால் மட்டும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். மற்ற ஊர்களுக்கு அனுப்புகிற சரக்கு பெரும்பாலும் அந்த நாட்டுக்கே போகும். ஜிபூட்டியில் இறங்குவதில் பெரும்பங்கு ஜிபூட்டிக்குச் சொந்தமில்லை.

அது பி.எல்.லிலேயே தெரியும். இறங்கும் துறைமுகம் ஜிபூட்டி, சேருமிடம் மோஜோ என்று இருக்கும். சரக்கு விவரத்துக்குக் கீழே, இது ஜிபூட்டி வழியாக எத்தியோப்பியாவுக்குப் போகும் டிரான்சிட் சரக்கு என்று ஒரு வரி கட்டாயம் வர வேண்டும். மோஜோ என்பது அடிஸ் அபாபாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர். அங்கே கடலும் இல்லை, ஆற்றுப் படகும் இல்லை, ஆனாலும் அதைத் துறைமுகம் என்றுதான் சொல்கிறார்கள். உலர்துறை. கன்டெய்னர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எத்தியோப்பியச் சுங்கம் அதைத் திறந்து பார்க்கும். எத்தியோப்பிய அரசுக்குச் சொந்தமான கப்பல் நிறுவனமே இங்கிருந்து மோஜோ வரைக்கும் ஒரே பி.எல்.லில் சரக்கை எடுத்துப் போகிற ஏற்பாடும் இருக்கிறது. கடலில்லாத நாட்டுக்குச் சொந்தக் கப்பல் கம்பெனி இருக்கிறது என்பதே முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தாராவித் தம்பி ஒருவன், ஒரு நாள் இந்த ஃபைல்களைப் புரட்டிக்கொண்டே கேட்டான். “அக்கா, அவ்வளவு பெரிய நாடு. பக்கத்துல ஒரு துறைமுகத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுதே? எதுக்கு வருஷா வருஷம் இவங்களுக்குக் காசு கொட்டணும்?” நல்ல கேள்விதான். எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவே 2023 அக்டோபரில், செங்கடலுக்கு ஒரு வழி வேண்டும், அது நாட்டின் வாழ்வுப் பிரச்சினை என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசி அந்தப் பக்கத்தையே கலக்கிவிட்டார். தம்பிக்கு டீ நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சின்ன வயதில் நாங்கள் சயான் கோலிவாடாவில் ஒரு சாலில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய மும்பை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எங்கள் வரிசைக் கடைசியில் ஒரு பெரிய குடும்பம். பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் முன்னால் இருந்த கணவன் மனைவி இருவரின் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். தண்ணீர் பிடிக்க, வேலைக்குப் போக, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட என்று எல்லாவற்றுக்கும் அதே வழிதான். பெரிய குடும்பம் வலிமையான குடும்பம்தான், ஆனால் முன்வாசல் தம்பதியிடம் ஒரு நாளும் சண்டை வைத்துக்கொண்டதில்லை. முன்வாசல்காரர்களும் கதவை மறித்ததில்லை, ஏனென்றால் அந்த அம்மாவுக்கு உடம்புக்கு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது உள்வீட்டுப் பெண்கள்தான். எத்தியோப்பியாவையும் ஜிபூட்டியையும் நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1862-இல் தஜூரா வளைகுடாவின் வடகரையில் ஓபோக் என்ற இடத்தை வாங்கினார்கள். எதிரே ஏடன் ஆங்கிலேயர் கையில். அந்த ஏடனை ஆண்டது வேறு யாருமல்ல, நம் பம்பாய் மாகாணம்தான். 1839-இல் பிடித்ததிலிருந்து 1932 வரை ஏடனுக்கு உத்தரவுகள் பம்பாயிலிருந்து போயின. பம்பாய்க்காரர்களுக்கு இந்தச் செங்கடல் வாய் ஒன்றும் அந்நியமான இடமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம் ஓபோக் சரிப்படவில்லை. நல்ல ஆழமும் காற்று மறைவும் தென்கரையில் இருந்ததால் 1888 வாக்கில் அங்கே ஜிபூட்டி என்ற ஊரை உண்டாக்கினார்கள். ஊர் வளர்ந்து துறைமுகம் வந்த கதை இல்லை இது. துறைமுகத்துக்காகவே ஊர் போட்டார்கள்.

துறைமுகம் போட்டால் போதுமா, சரக்கு வேண்டுமே. சரக்கு எத்தியோப்பிய மலைமேல் இருந்தது. காபி, தோல், தந்தம். பேரரசர் இரண்டாம் மெனெலிக் 1894-இல் ரயில் பாதைக்கு உரிமம் கொடுத்தார். பாதை 1902-இல் டிரே தாவா வரை வந்தது, 1917-இல் அடிஸ் அபாபாவைத் தொட்டது. 784 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். கடல் மட்டத்தில் தொடங்கி 2,300 மீட்டருக்கு மேல் ஏறுகிற பாதை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதற்கு முன்பு நூற்றாண்டுகளாகக் கிழக்கு எத்தியோப்பியாவின் ஹரார் நகரத்து வணிகம் சைலா என்ற துறைமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போனது. ஒட்டகங்கள் சைலாவுக்கு நடந்தன. ரயில் ஜிபூட்டிக்கு வந்ததும் ஒட்டகங்கள் நின்றன, சைலா சுருங்கிப்போனது. ஒரு துறைமுகம் எப்படி எழும், எப்படி விழும் என்பதற்கு ஜிபூட்டிக்காரர்களுக்குப் பாடம் பக்கத்திலேயே, கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனால் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கிறது.

அந்த ரயில் சரக்கை மட்டும் சுமக்கவில்லை. 1936 மே மாதம், இத்தாலியப் படை அடிஸ் அபாபாவை நெருங்கியபோது பேரரசர் ஹைலே செலாசி அதே ரயிலில் ஏறித்தான் ஜிபூட்டி வந்து, அங்கிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வெளியேறினார். நாட்டின் அரசரே தன் நாட்டை விட்டுப் போக அடுத்தவர் துறைமுகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பெரிய நாட்டுக்குச் சின்னத் துறைமுகம் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

எத்தியோப்பியாவுக்குக் கடல் இருந்த காலமும் உண்டு. எரித்திரியா 1952-இல் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டு, 1962-இல் முழுதாக விழுங்கப்பட்டது. அதனால் மஸாவா, அஸாப் என்ற இரண்டு துறைமுகங்கள் அடிஸ் அபாபாவின் கைக்கு வந்தன. அப்போது ஜிபூட்டியின் நிலைமை கஷ்டம்தான். 1977 ஜூன் 27-இல் ஜிபூட்டி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அதே காலத்தில்தான் எத்தியோப்பியாவும் சோமாலியாவும் மோதிய ஒகாதென் போர். ரயில் பாலங்கள் தகர்க்கப்பட்டு வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. எத்தியோப்பியச் சரக்கு அஸாப் பக்கம் திரும்பியது. பிறந்த நாட்டுக்குத் தொட்டிலிலேயே வருமானம் நின்றுபோனது. ஜிபூட்டியில் விவசாயம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. மழை இல்லை, வற்றாத ஆறு இல்லை. கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே அஸ்ஸால் ஏரி இருக்கிறது, அதில் இருப்பது உப்பு.

பிறகு காற்று மாறியது. நீண்ட விடுதலைப் போருக்குப் பின் 1993-இல் எரித்திரியா தனி நாடானது. ஆனாலும் ஆரம்பத்தில் ஒன்றும் குடிமுழுகவில்லை. இரண்டு அரசுகளும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன, எத்தியோப்பியச் சரக்கில் பெரும்பகுதி அஸாப் வழியாகவே போய் வந்தது. 1997 கடைசியில் எரித்திரியா நக்ஃபா என்று சொந்த நாணயம் வெளியிட்டது. எந்த நாணயத்தில் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்று மனக்கசப்பு வந்தது. 1998 மே மாதம் பாத்மே என்ற எல்லை ஊருக்காகப் போர் மூண்டது. 2000 வரை நடந்த அந்தப் போரில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அஸாப் கதவு மூடியது. கிரேன்கள் நின்றன, லாரிகள் வருவது நின்றது. எத்தியோப்பியா வழி தேடி ஜிபூட்டிக்கு ஓடியது.

அன்றிலிருந்து எத்தியோப்பிய வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி வழியாகத்தான். 2018-இல் அபிய் அகமதுவும் எரித்திரிய அதிபர் இசாயாஸும் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்துகொண்டபோது, அஸாப் திரும்பவும் திறக்கும் என்று எங்கள் தொழிலில் பலர் எதிர்பார்த்தோம். எல்லை சில மாதம் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. அஸாப் வழி பி.எல். ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.

தம்பி கேட்ட “பிடித்து வைத்துக்கொண்டால் என்ன” என்பதற்கு என் முதல் பதில் இதுதான். அவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். முப்பது வருடம் அதற்காகச் சண்டை நடந்தது. கடைசியில் துறைமுகமும் போனது, துறைமுகத்துக்காரர்களோடு இருந்த உறவும் போனது. பிடித்து வைத்த துறைமுகத்தில் கிரேன் இருக்கலாம், ராணுவம் இருக்கலாம், ஆனால் அந்த ஊர் மக்கள் மனசு வைக்காவிட்டால் சரக்கு நகராது.

சரி, ஜிபூட்டி இந்த வாய்ப்பை என்ன செய்தது? சும்மா உட்கார்ந்து வாடகை வாங்கவில்லை என்பதை நான் மதிக்கிறேன். 2009-இல் ஜிபூட்டி நகரத்தை ஒட்டிய டோராலேயில் புதிய கன்டெய்னர் முனையம் வந்தது. 2017-இல் பக்கத்திலேயே மொத்தச் சரக்கு, உரம், வாகனம் இறக்கப் பெரிய பல்நோக்குத் துறைமுகம், தஜூராவில் இன்னொன்று. சீனக் கம்பெனிகள் கட்டிய புதிய அகலப்பாதை, மின்சார ரயில், சுமார் 750 கிலோமீட்டர், 2018 ஜனவரியில் வணிக ஓட்டம் தொடங்கியது. லாரியில் இரண்டு மூன்று நாள் ஆகிற தூரத்தை ரயில் ஒரு நாளுக்குள் கடக்கும். ஆனாலும் இன்றைக்கும் சரக்கில் பெரும்பங்கு லாரியில்தான் போகிறது. கலாஃபி வழிச் சாலையில் எத்தியோப்பிய டிரைவர்கள் வெயிலிலும் தூசியிலும் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

எத்தியோப்பியா துறைமுகக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. டாலர் தட்டுப்பாடான நாட்டுக்கு அது சாதாரணத் தொகை இல்லை. டாலர் தட்டுப்பாடு என்றால் எங்களுக்கு அது எல்.சி. (வாங்குபவருக்காக அவர் வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம்) வழியாகத்தான் தெரியும். அங்கே வாங்குபவர் ஆர்டர் கொடுத்துவிடுவார், இங்கே பிவண்டியில் சரக்கு தயாராகி நிற்கும், அடிஸ் அபாபாவில் வங்கி எல்.சி. திறக்க மாதக்கணக்கில் வரிசை. 2024 ஜூலையில் எத்தியோப்பிய நாணயமான பிர்ரின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். டாலருக்கு 57 பிர் இருந்தது சில வாரத்தில் நூறைத் தொட்டது. அங்கே சலைன் பாட்டில் வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு அது என்ன விலையில் போய்ச் சேரும் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பக்கம் ஜிபூட்டி பிராங்க் 1973 முதல் ஒரே விலை, டாலருக்கு 177.721. பக்கத்து நாடுகளில் பணம் எப்படி ஆடினாலும் அது ஆடவில்லை. துறைமுகத்தில் வியாபாரம் செய்கிறவருக்குக் கிரேனைவிட இது பெரிய வசதி. நாளைக்குக் கணக்குப் பார்த்தாலும் இன்றைய எண்தான் வரும் என்ற தைரியம் அது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை. ஜிபூட்டி நகரத்துக்கு எத்தியோப்பியாவிலிருந்து நூறு கிலோமீட்டர் நீளக் குழாயில் குடிநீர் வருகிறது. 2011 முதல் எத்தியோப்பிய அணைகளின் மின்சாரம் வருகிறது. காய்கறி, பழம், ஊரே மெல்லும் காத் இலை எல்லாம் தினமும் மேலேயிருந்து இறங்கி வருகின்றன. வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் தண்ணீரையும் ஃபேனுக்குக் கரண்டையும் யார் கொடுக்கிறார்களோ அவர்களை மிரட்ட முடியுமா? துறைமுகத்தை மூடினால் எத்தியோப்பியா மூச்சுத் திணறும். எத்தியோப்பிய லாரிகள் நின்றால் ஜிபூட்டி இன்னொரு சைலா ஆகிவிடும். இரண்டு பேருக்கும் இது தெரியும். இத்தனை வருடம் அந்தக் கதவு மூடாமல் இருந்ததற்கு ஒப்பந்தங்களைவிட இந்தப் பரஸ்பரத் தேவைதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அரசியல் பக்கம் வந்தால் எத்தியோப்பியா மட்டுமல்ல, உலகமே அந்த வாசலில் நிற்கிறது. செங்கடலின் தென்வாயான பாப் எல் மந்தெப் நீரிணை சுமார் 30 கிலோமீட்டர் அகலம். சூயஸ் போகிற கப்பல்கள் எல்லாம் அதற்குள் நுழைந்தாக வேண்டும். பிரெஞ்சுப் படை விடுதலைக்குப் பிறகும் போகவில்லை. 2001-க்குப் பின் அமெரிக்கர்கள் லெமோனியே முகாமுக்கு வந்தார்கள். 2014-இல் புதுப்பித்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6.3 கோடி டாலர் வாடகை. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த 2011-இல் ஜப்பான் அங்கே தளம் திறந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாட்டில் அதற்கு அதுவே முதல் தளம். இத்தாலியும் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சீனா தன் முதல் வெளிநாட்டுத் தளத்தை டோராலே பக்கத்திலேயே திறந்தது. ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் நாடுகள் அத்தனையும் ஒரே ஊரில் வாடகை கொடுத்து இருக்கின்றன. வாடகை வருமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை பேர் குடியிருக்கும்போது எந்தப் பெரிய அண்டை நாடும் அந்தச் சின்ன நாட்டின் மேல் கை வைக்க யோசிக்கும். ஜிபூட்டிக்கு அதுதான் மதில்.

நமக்கும் அது உதவியிருக்கிறது. 2015-இல் ஏமனில் குண்டு விழ ஆரம்பித்தபோது, இந்தியர்களை மீட்ட ஆபரேஷன் ராஹத் பெரும்பாலும் ஜிபூட்டியை வைத்துத்தான் நடந்தது. ஏடனிலிருந்து ஐ.என்.எஸ். சுமித்ரா கப்பலிலும், சனாவிலிருந்து ஏர் இந்தியா விமானத்திலும் ஆட்களை ஜிபூட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விமானப் படை விமானங்களில் மும்பைக்கும் கொச்சிக்கும் அனுப்பினார்கள். 4,600-க்கு மேற்பட்ட இந்தியர்கள், அவர்களோடு வேறு நாட்டுக்காரர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். எங்கள் நெருல் கட்டடத்தில் ஒரு அக்காவின் மகள் சனாவில் நர்ஸாக இருந்தாள். அவள் பத்திரமாக ஜிபூட்டியில் இறங்கிவிட்டாள் என்று போன் வந்த ராத்திரி, அந்த ஊர்ப் பெயரை அதுவரை கேட்டே இராத அக்கா, அது எங்கே இருக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டார். மேப்பில் காட்டினேன். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 2017-இல் தன் முதல் வெளிநாட்டுப் பயணமாக ஜிபூட்டிக்கும் எத்தியோப்பியாவுக்கும்தான் போனார். அது எனக்கு மிகவும் சரியான மரியாதையாகப் பட்டது.

குறைகளும் உண்டு. டோராலே முனையத்தைக் கட்டி நடத்த 2006-இல் துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டுக்கு 30 வருட உரிமம் கொடுத்திருந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஜிபூட்டி அரசு அதை ரத்து செய்து முனையத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. நாட்டின் இறையாண்மைக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தவில்லை என்பது அவர்கள் வாதம். லண்டன் நடுவர் மன்றம் பலமுறை டிபி வேர்ல்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொந்தத் துறைமுகத்தைச் சொந்தக் கையில் வைத்திருக்க விரும்புவதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் செய்த விதம் தவறு. நடுநிலையான இடம், சொன்ன சொல் மாறாத இடம் என்ற பெயர்தான் ஜிபூட்டியின் மூலதனம். அதில் அவர்களே கீறல் போட்டுக்கொண்டார்கள்.

அதன் பலன் பெர்பெராவில் தெரிகிறது. சோமாலிலாந்தின் பெர்பெராவில் டிபி வேர்ல்டு புதிய முனையம் கட்டி 2021-இல் திறந்தது. எத்தியோப்பியாவுக்கு அதில் 19 சதவீதப் பங்கு தருவதாக இருந்து, பிறகு அது கைகூடவில்லை. 2024 ஜனவரி 1-இல் எத்தியோப்பியா சோமாலிலாந்துடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 50 வருடக் குத்தகைக்குக் கடற்கரையில் 20 கிலோமீட்டர் அளவுக்கு இடம், கடற்படைக்கு. சோமாலிலாந்தைத் தன் பகுதி என்று சொல்லும் சோமாலியா கொதித்தது. எகிப்து சோமாலியாவுக்கு ஆயுதம் அனுப்பியது. ஜிபூட்டியோ, வேண்டுமானால் தஜூரா துறைமுகத்தை நீங்களே நடத்துங்கள் என்று எத்தியோப்பியாவிடம் சொல்லிப் பார்த்தது. கடைசியில் 2024 டிசம்பரில் அங்காராவில் துருக்கி அதிபர் எர்துவான் நடுவில் உட்கார்ந்து எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் பேச வைத்தார். ஒரு கடற்கரைத் துண்டுக்காக எத்தனை தலைநகரங்கள் தூக்கம் கெட்டன என்று பாருங்கள்.

இதற்கிடையே 2023 நவம்பர் முதல் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. சண்டை நடக்கிற நீரிணையின் வாயிலேயே இருக்கிற ஜிபூட்டிக்குச் சுற்றுவழி ஏது? சாதாரணமாக நவ சேவாவிலிருந்து நேர்க்கப்பல் கிடைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் போகிற சரக்கு. அந்த மாதங்களில் கப்பலில் இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது. போர்க்கால இன்சூரன்ஸ் என்று தனிக்கட்டணம் வேறு. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற கப்பல் தாக்கப்பட்டபோது ஐ.என்.எஸ். கொல்கத்தா அதன் மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றி ஜிபூட்டியில்தான் இறக்கியது. அன்றைக்கு எங்கள் ஆபீஸில் எல்லோர் போனிலும் அந்தச் செய்திதான்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். எத்தியோப்பியா ஏதோ தனியாகச் சிக்கிக்கொண்டது என்று நினைக்காதே. எங்கள் ஊர் தூத்துக்குடி. கடல் வாசலிலேயே இருக்கிற ஊர். அங்கேயிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற எத்தனையோ கன்டெய்னர்கள் முதலில் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் போயிருக்கின்றன. கொழும்பு கையாளும் மாற்றுச் சரக்கில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. 7,500 கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கிற நாமே பக்கத்துத் தீவின் துறைமுகத்தை நம்பி இருந்தோம். 2014-இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றதும் டெல்லி பதறியது அதனால்தான். 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கொழும்பு படுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இல்லை. தூத்துக்குடிக் கன்டெய்னருக்கு இனி இரண்டு வழி இருக்கும் என்பதால்.

எத்தியோப்பியாவுக்கும் நான் விரும்புவது அதைத்தான். கொடி நட்ட சொந்தத் துறைமுகம் அதற்கு அவசியமில்லை. ஜிபூட்டியோடு இன்னொரு வாசல், முடிந்தால் மூன்றாவது. பெர்பெரா ஆகட்டும், கென்யாவின் லாமு ஆகட்டும், என்றாவது சமாதானம் வந்தால் அஸாபும் ஆகட்டும். எல்லாம் பேசி வாங்கிய வழியாக இருக்க வேண்டும். ஜிபூட்டிக்கும் அதில் நஷ்டமில்லை. போட்டி வந்தால் கட்டணம் இறங்கும், லாரி வரிசை குறையும். 12 கோடிப் பேரோடு வளர்ந்துகொண்டிருக்கும் நாட்டின் சரக்கு ஒரே துறைமுகத்துக்குள் அடங்காது. ஜூன் மழைக்கு முன்னால் உரம் மேலே ஏறியாக வேண்டும், அது பத்து நாள் தாமதமானால் அங்கே ஒரு விவசாயிக்கு அந்த வருட விளைச்சல் போய்விடும். போர் என்று பேசுகிறவர்கள் மேப்பைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது தேதிகளை.

போன வாரம் ஒரு மருந்து ஏற்றுமதியாளர் போன் செய்து, இந்த முறை பெர்பெரா வழியாக அனுப்பிப் பார்க்கலாமா, வாடகை குறையுமா என்று கேட்டார். சரக்கு எங்கே போகிறது என்று கேட்டேன். அடிஸ் அபாபா என்றால் இப்போதைக்கு ஜிபூட்டிதான், ரயிலும் உலர்துறையும் சுங்க ஏற்பாடும் அங்கேதான் ஒன்றாக இருக்கின்றன. ஜிக்ஜிகா, ஹரார் பக்கம் என்றால் பெர்பெராவை விசாரிக்கலாம், சாலை நன்றாகியிருக்கிறது. ஆனால் எதற்கும் முதலில் அங்கே வாங்குபவரிடம், அவர் வங்கி பெர்பெரா என்று போட்டு எல்.சி. திறக்குமா என்று கேட்டுவிடுங்கள் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.